மோவாய்க்கு வந்த சோதனை

சிசிலித் தீவில் சைரகூஸ் நகரத்தை ஆண்ட டயோனீசியஸுக்குக் கார்த்தேஜ் படையைக் கண்டு பயம் கிடையாது. சவரக்காரரைக் கண்டால்தான் உதறல். கி.மு. 405இல் சர்வாதிகாரியாக நாற்காலியைப் பிடித்தவர், கி.மு. 367இல் சாகும்வரை அதை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, தொண்டைக்குழியை அடுத்தவர் கத்திக்குக் காட்டுவது என்றால் எப்படி இருக்கும்?

பயம் சும்மா வரவில்லை. ப்ளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். ஊர்ச் சவரக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து, டயோனீசியஸின் ஆட்சி வஜ்ரம், யாராலும் அசைக்க முடியாது என்று அளந்துகொண்டிருந்தார்களாம். கடைக்காரர் சிரித்துவிட்டார். நாலு நாளைக்கு ஒருதரம் என் கத்தி அவர் கழுத்தில்தானே இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டார். அரண்மனைக்குத் தகவல் போயிற்று. கடைக்காரரைச் சிலுவையில் அறைந்தார்கள். தொழில் ரகசியத்தை வாடிக்கையாளர் முன்னால் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த காட்சியை சிசரோ எழுதியிருக்கிறார். ராஜா தன் மகள்களையே கூப்பிட்டுச் சவரம் பழக்கினார். சின்னப் பெண்கள், அப்பாவின் மோவாயை ஒழுங்காகத்தான் மழித்தார்கள். பெண்கள் வளர்ந்தார்கள், கூடவே அப்பாவின் சந்தேகமும் வளர்ந்தது. இரும்பைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, அக்ரூட் ஓட்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதனால் தாடியைப் பொசுக்கச் சொன்னார். கத்தி தொண்டையில் இறங்கக் கூடாதென்று தணலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டவர் அவர். சருமத்துக்கு எரிச்சல் வராமல் முகம் மழிப்பது எப்படி என்ற கேள்விக்கு மனித குலம் சொன்ன பதில்களில் இதுதான் மிக மோசமானது. இதற்கு அடுத்த இடத்துக்குத்தான் கடும் போட்டி.

விடை ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. முடியை நன்றாக ஊறவிடு, கத்தியைத் தீட்டி வை, முடி சாய்ந்த வாக்கிலேயே இழு, அழுத்தாதே, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டாதே. நல்ல சவரக்காரர் எவருக்கும் இது தெரியும். காய்ந்த முடி விறைப்பாக நிற்கும். தண்ணீர் குடித்த முடி இளகி, கத்திக்கு இணங்கும். அதற்கு வேண்டியது ரெண்டு மூணு நிமிஷப் பொறுமை. அந்த ரெண்டு மூணு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க ராஜாக்களும் தளபதிகளும் கம்பெனி முதலாளிகளும் எத்தனை நூற்றாண்டு செலவழித்தார்கள் என்பதுதான் கதை.

அலெக்சாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாசிடோனியச் சிப்பாய்கள் எல்லாரும் தாடியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கைகலப்பில் எதிரி பிடித்து இழுக்க வாகாக இருக்கிறதாம். தலைமுடியையும் பிடித்து இழுக்கலாமே என்று கேட்கும் தைரியம் கூட்டத்தில் யாருக்கும் வரவில்லை, ராஜா அலை அலையாக முடி வைத்திருந்தார். பாரசீகப் புழுதியில், குடிக்கவே தண்ணீர் பற்றாத வழியில், ஒரு படையே முகம் மழித்துக்கொண்டு இந்தியா வரை நடந்தது. வரலாற்றாசிரியர்கள் பியாஸ் நதிக்கரையில் படை ஏன் முரண்டு பிடித்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். யாரும் மோவாயைக் கணக்கில் எடுக்கவில்லை.

கிரேக்கச் சவரக்கடை என்பது நாளிதழும் தொலைக்காட்சி விவாதமும் சேர்ந்த இடம். ஆர்க்கெலாஸ் என்ற மாசிடோனிய ராஜாவிடம் ஒரு வாயாடிச் சவரக்காரர், எப்படி வெட்டட்டும் என்று கேட்டாராம். பேசாமல் வெட்டு என்றாராம் ராஜா. கி.மு. 413இல் ஏதென்ஸ் படை சிசிலியில் அடியோடு அழிந்த செய்தியும் முதலில் வந்து சேர்ந்தது பிரேயஸ் துறைமுகத்துச் சவரக்கடைக்குத்தான். யாரோ ஒரு வழிப்போக்கர் சவரம் பண்ணிக்கொண்டே சொல்லிவிட்டார். கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏதென்ஸுக்கு ஓடி, சந்தையில் நின்று அறிவித்தார். யார் சொன்னது என்று கேட்டார்கள். பெயர் தெரியவில்லை. புரளி கிளப்பியதாகச் சொல்லிச் சக்கரத்தில் கட்டிச் சித்திரவதை செய்தார்கள். நிஜச் செய்தி பின்னாலேயே வந்த பிறகுதான் அவிழ்த்துவிடத் தோன்றியது. செய்தியை முந்தித் தருவதில் அப்போதே இத்தனை தொல்லை.

ரோமாபுரிக்குச் சவரக்காரர்கள் கி.மு. 300இல் வந்தார்கள், புப்லியஸ் டிட்டினியஸ் மேனா என்பவர் சிசிலியிலிருந்து கூட்டி வந்தார் என்கிறார் ப்ளினி. டயோனீசியஸ் ஆண்ட தீவிலிருந்து சவரக்காரர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அதுவரை ரோமானியர்கள் தாடியோடு குடியரசு நடத்தி வந்தார்கள். பிறகு ஸ்கிப்பியோ எமிலியானஸ் தினமும் மழிக்க ஆரம்பித்தார். கார்த்தேஜை இடித்துத் தரைமட்டமாக்கிய அதே ஆள். எதை எடுத்தாலும் அடி வரைக்கும் போகிற சுபாவம்.

பெரிய மனிதர் மழித்தால் சின்ன மனிதரும் மழித்தாக வேண்டும். ரோமாபுரியில் சோப்பு நுரை கிடையாது, வெறும் தண்ணீர்தான். இரும்புக் கத்தி, அது மழுங்கும் வேகம் உங்கள் வீட்டு அரிவாள்மணைக்கே வராது. விளைவு என்னவென்று கவிஞர் மார்ஷியலிடம் கேட்கலாம். ஆன்டியோகஸ் என்ற சவரக்காரர் தன் முகத்தில் போட்ட கோடுகளை எண்ணி, இதெல்லாம் பெண்டாட்டி பிறாண்டியது இல்லை என்று ஊருக்கு விளக்கம் சொல்கிறார். உயிரினங்களிலேயே புத்தியுள்ளது தாடியோடு வாழும் ஆட்டுக்கிடாதான் என்று முடிக்கிறார். இன்னொரு கவிதையில் ஒரு மந்தகதிச் சவரக்காரர். அவர் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வந்து சேர்வதற்குள் புதுத் தாடி முளைத்துவிடுகிறது. வேகமான கை ரத்தம் எடுக்கிறது, நிதானமான கை ஆயுளை எடுக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ரோமாபுரியில் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வெட்டுப்பட்டால் மருந்து உண்டு. சிலந்தி வலையை எண்ணெயிலும் காடியிலும் நனைத்து ஒட்டச் சொல்கிறார் ப்ளினி. சவரக்கடைக் காயத்துக்கும் ஆகும் என்று எழுதிவைத்த மருந்து. ஆக, கடையில் ஒட்டடை அடிக்காமல் வைத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, முதலுதவிப் பெட்டி.

நீரோ சக்கரவர்த்தி எதையும் சாதாரணமாகச் செய்தவர் இல்லை. கி.பி. 59இல், 21 வயதில், முதல் தாடியை எடுத்தார். காளைகளைப் பலி கொடுத்து, விழா எடுத்து, மழித்த முடியை முத்துப் பதித்த தங்கப் பேழையில் வைத்துக் கேபிடோல் குன்றுக் கோயிலில் ஜூபிடருக்குச் சமர்ப்பித்தார். பழனியில் மொட்டை போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். இவருக்கு முகத்து ரோமத்துக்கே நகைப்பெட்டி.

அறுபது வருஷம் கழித்து ஹேட்ரியன் வந்து தாடியை மறுபடி பட்டத்துக்குக் கொண்டுவந்தார். முகத்தில் இருந்த வடுக்களை மறைக்கத்தான் என்று ஒரு பழைய வரலாறு போட்டு உடைக்கிறது. உடனே சாம்ராஜ்யம் முழுக்கத் தாடி. ஒருவர் வடு மறைக்க, பின்னால் நின்ற ஆயிரம் பேருக்கு அது தத்துவ ஞானத்தின் அடையாளமாகிவிட்டது. கடைசியாக ஜூலியன் சக்கரவர்த்தி. கி.பி. 363இல் அந்தியோக்கியா ஊர்க்காரர்கள் அவர் தாடியைக் கிண்டல் செய்தார்கள். வேறு ராஜாவாக இருந்தால் நாலு தலையை உருட்டியிருப்பார். இவர் உட்கார்ந்து, தாடியை வெறுப்பவன் என்ற தலைப்பில் தன்னைத்தானே கேலி செய்து ஒரு நூல் எழுதி ஊர் பார்க்க ஒட்டினார். தன் தாடிக்குள் பேன்கள் காட்டு மிருகங்களாக ஓடுகின்றன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆட்சியில் இருப்பவர் இப்படி எழுதிய வேறு நூல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நம் வள்ளுவர் இந்த வம்பே வேண்டாம் என்று, உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் மழிக்கவும் தேவையில்லை, வளர்க்கவும் தேவையில்லை என 280ஆவது குறளில் தீர்ப்புச் சொல்லி நகர்ந்துவிட்டார். துறவிகளுக்குச் சொன்னது. சம்சாரிகளுக்கு வழி சொல்லவில்லை.

இடைக்கால ஐரோப்பாவை வேகமாகத் தாண்டிவிடலாம், அங்கே சவரத்தைவிட ரத்தம்தான் அதிகம். சவரக்காரரே அறுவை மருத்துவர். நம்மூரிலும் இந்தத் தொழில் செய்தவர்களுக்கு மருத்துவர் என்ற பெயர் இருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1540இல் எட்டாம் ஹென்றி இரண்டு கூட்டத்தையும் ஒரே சங்கமாக்கி, கூடவே ஒரு பாகப்பிரிவினையும் செய்தார். அறுவை மருத்துவர் சவரம் செய்யக் கூடாது. சவரக்காரர் அறுவை செய்யக் கூடாது, பல் மட்டும் பிடுங்கலாம். 1745இல் அறுவைக்காரர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். போனபோது கௌரவத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் இருந்த சிவப்பு வெள்ளைக் கம்பத்தை இவர்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது ரஷ்யா. இங்கே கொஞ்சம் உட்காரலாம்.

1698 ஆகஸ்டில் ஜார் முதலாம் பீட்டர் மேற்கு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு மாஸ்கோ திரும்பினார். ஊர் திரும்பியவரை வாழ்த்தப் பிரபுக்கள் கூடினார்கள். பீட்டர் ஒவ்வொருவரையும் கட்டித் தழுவினார். அடுத்து, கத்தியை எடுத்தார். முதல் மோவாய் தளபதி ஷெயினுடையது. அடுத்தது ரோமோதனோவ்ஸ்கி. சோப்பு இல்லை, நுரை இல்லை, எந்த வாக்கில் வளர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கிற மரியாதை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடவுள் கொடுத்த உருவம் என்று வளர்த்த தாடி, நின்ற நிலையிலேயே தரையில் விழுந்தது. பேராயர் ஒருவரை விட்டுவைத்தார், இரண்டொரு கிழவர்களையும். மற்றபடி அறை முழுக்க அதுவரை வெயில் பார்க்காத வெள்ளை மோவாய்கள்.

அவருக்குப் பல் பிடுங்குவதும் பொழுதுபோக்கு. பிடுங்கிய பற்களைச் சேர்த்து வைத்திருந்தார், பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்துச் சட்டப்படி பார்த்தால் அவர் முழுத் தகுதி பெற்ற சவரக்காரர்.

எல்லாத் தாடியையும் தன் கையாலேயே எடுக்க முடியாது என்று தெரிந்ததும் 1705இல் வரி போட்டார். அரசு அதிகாரி தாடி வைத்தால் வருஷத்துக்கு 60 ரூபிள், பெரிய வியாபாரி என்றால் 100. குடியானவன் கிராமத்தில் எப்படியும் இருந்துகொள்ளலாம், நகர வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கோபெக் கட்ட வேண்டும். கட்டியவருக்குச் செப்பில் ஒரு வில்லை கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் ஒரு மூக்கு, அதன் கீழ் மீசை, வாய், தாடி. கண் கிடையாது, நெற்றி கிடையாது, வரி விதிக்கத்தக்க பகுதி மட்டும். மேலே பணம் பெறப்பட்டது என்ற எழுத்து. தாடிக்காரர் வெளியே போகும்போது இதைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், காவலர் நிறுத்தினால் காட்ட வேண்டும். ஹெல்மெட் போடாமல் போகிறவர் படும் பாட்டை அன்றைக்கு முகத்தோடு போகிறவர் பட்டார்.

அங்கே வேலை பார்த்த ஜான் பெரி என்ற ஆங்கிலேய எஞ்சினியர் ஒரு கிழட்டுத் தச்சரைப் பற்றி எழுதியிருக்கிறார். தாடியை அப்போதுதான் எடுத்துவிட்டு வந்திருந்தார் தச்சர். தாடியை எங்கே போட்டீர் என்று பெரி விளையாட்டாகக் கேட்டார். தச்சர் மார்புக்குள் கையை விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்து, செத்ததும் சவப்பெட்டியில் கூடவே வைக்கச் சொல்வேன், மேலே போனால் புனித நிக்கோலஸ் கேட்பார், கணக்குக் காட்ட வேண்டாமா என்றாராம். ஜாருக்கு வில்லை, சாமிக்குத் தாடி. இரண்டு இலாகாவுக்கும் ரசீது தயார். இந்த வரியை 1772இல் இரண்டாம் கேத்தரீன் எடுத்தார். அவருக்குத் தாடி இல்லாததால் விஷயத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பீட்டரிடம் வரி கட்டித் தப்பிக்கலாம். நம்ம சென்னை ராஜதானியில் அந்த வழியும் இல்லை. 1805 நவம்பரில் மதராஸ் படையின் தளபதி சர் ஜான் கிராடக் புது உடை விதிகளைக் கொண்டுவந்தார். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. அணிவகுப்பிலும் வேலையிலும் மோவாய் மழித்திருக்க வேண்டும். மேலுதட்டில் இருக்கும் முடியின் அளவும் வடிவமும் முடிந்தவரை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதிய குமாஸ்தாவை எனக்கு ஒருமுறை பார்க்க ஆசை. பட்டாளம் பட்டாளமாக ஆட்கள், திருநெல்வேலி மீசையும் ஆர்க்காட்டு மீசையும் கலந்து நிற்கிற வரிசை, அதில் மீசைக்குச் சராசரி கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி குனிந்து அளக்கிறார்.

அதோடு தோல் வைத்த புதுத் தலைப்பாகையும் வந்தது. சிப்பாய்கள் மறுத்தார்கள், கசையடி விழுந்தது. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து, அன்றைக்குள்ளேயே சில நூறு சிப்பாய்களைக் கொன்றார். பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர்களும் உண்டு. கலகத்துக்குக் காரணம் மோவாய் மட்டும் இல்லை. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் இருந்தார்கள், சம்பளக் குறை இருந்தது, அவமானம் இருந்தது. ஆனாலும் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்று புரிந்தது. விதிகளை வாபஸ் வாங்கினார்கள். கிராடக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை பின்னால் வருகிறது. 1854இல் அதே கிழக்கிந்தியக் கம்பெனி தன் பம்பாய்ப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மீசையைக் கட்டாயமாக்கியது. மீசை இல்லாத வெள்ளைக்காரரை இந்தியச் சிப்பாய் ஆம்பிளையாகவே மதிப்பதில்லையாம். பிறகு பிரிட்டிஷ் ராணுவம் முழுக்கவே மேலுதட்டைத் தொடக் கூடாது என்று விதி. 1916 அக்டோபரில், முதல் உலகப் போரின் நடுவில், ஜெனரல் நெவில் மக்ரெடி அந்த விதியை ரத்து செய்யும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தன் மீசை பிடிக்காது. கையெழுத்தின் மை காய்வதற்குள், அன்று சாயங்காலமே சவரக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாக்கள் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே ஒருவர் மட்டும் சருமத்தைப் பற்றி யோசித்தார். பாரிஸைச் சேர்ந்த ஜான்-ஜாக் பெரே, கத்தி செய்யும் கொல்லர். 1769இல் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கலை பற்றி ஒரு புத்தகமே போட்டார். தச்சரின் இழைப்புளியைப் பார்த்தார். அதில் உளி எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அவ்வளவுதான் மரத்தை எடுக்கும். அதே மாதிரி கத்திக்கு ஒரு மரக்காப்பு மாட்டி, விளிம்பு மட்டும் தெரியும்படி செய்தார். பிறகு 1847இல் ஹென்சன் என்ற ஆங்கிலேயர் கைப்பிடியைக் களைக்கொட்டு மாதிரி குறுக்கே வைத்தார். இவர் அதற்கு முன் நீராவியில் ஓடும் ஆகாய விமானம் கட்டப் பார்த்துத் தோற்றவர். வானம் கைவிட்டது, மோவாய் கைகொடுத்தது. 1880இல் அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் கம்பிக் காப்பு வைத்த ரேசரை விற்றார்கள். எல்லாம் சரி, கத்தியைத் தீட்டுகிற வேலை மட்டும் போகவில்லை.

அதைப் போக்கியவர் ராஜா இல்லை, ஆனால் பெற்றோர் வைத்த பெயரே கிங். கிங் கேம்ப் ஜில்லெட், சோடா மூடி விற்கும் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. அந்த மூடியைக் கண்டுபிடித்த முதலாளி பெயின்டர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஒருதரம் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற பொருளாகக் கண்டுபிடி, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்.

ஜில்லெட் வெறும் வியாபாரி இல்லை. 1894இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். உலகத்தின் சகல துன்பத்துக்கும் போட்டி வியாபாரம்தான் காரணம். ஆகவே போட்டியை ஒழித்து, ஒரே கம்பெனி, அதில் எல்லாரும் பங்குதாரர். அமெரிக்கர்கள் அத்தனை பேரும் நயாகரா அருவிப் பக்கம் ஒரே ராட்சச நகரத்தில், அருவி மின்சாரத்தில் வாழ வேண்டும். மறு வருஷம், 1895இல், ப்ரூக்லைன் வீட்டில் ஒரு காலையில் கத்தி மழுங்கிப்போய் நின்றவருக்கு மெல்லிய எஃகுத் தகடு யோசனை வந்தது. போட்டியை ஒழிக்க வந்தவர் அதை வைத்து உலகத்தின் மிகக் கடுமையான போட்டி வியாபாரம் ஒன்றைத் தொடங்கினார். 1910இல் தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கூப்பிட்டு, நான் ஆரம்பிக்கப்போகும் உலகக் கம்பெனிக்குத் தலைவராக இருங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொள்ளவில்லை.

எஃகுத் தகட்டை அவ்வளவு மெல்லியதாகத் தட்டி விளிம்பு ஏற்ற முடியாது என்று எம்.ஐ.டி. நிபுணர்கள் கையை விரித்தார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் இருப்பது. அங்கேயே படித்த வில்லியம் நிக்கர்சன் என்ற எஞ்சினியர் 1901இல் சேர்ந்து முடித்துக் காட்டினார். 1903இல் விற்ற ரேசர்கள் 51. அடுத்த வருஷம் 90,884. ஒவ்வொரு பிளேடு உறையிலும் ஜில்லெட்டின் படம் போட்டு உலகமெல்லாம் அனுப்பினார்கள். முகத்து முடியை எடுக்கச் சொல்லும் அந்தப் படத்தில், நன்றாக வளர்ந்த மீசையோடு நிற்கிறார்.

முதல் உலகப் போர் மீதியைச் செய்தது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இறுக ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. 1918இல் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது. அலெக்சாண்டரின் பழைய உத்தரவு, இந்த முறை ரேசரோடு சேர்ந்து வந்தது.

சவரக்கடைக்குப் போகாமலே மழித்துக்கொள்ளத்தான் ஜில்லெட் இத்தனை பாடுபட்டார். அவர் பிளேடு இங்கே வந்து என்ன ஆயிற்று என்று பார்க்க, ஏதாவது ஒரு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்தால் போதும். கடைக்காரர் புது பிளேடை எடுக்கிறார். உறையைப் பிரிக்காமல், நீளவாக்கில் நடுவில் மடக்கி, டிக் என்று ஒரு சொடுக்கு. உலகைப் புரட்டிய கண்டுபிடிப்பு இரண்டு துண்டு. ஒரு துண்டு கத்திப் பிடிக்குள் செருகப்படுகிறது, மீதி அடுத்த வாடிக்கையாளருக்கு.

பிறகு தண்ணீரைப் பீச்சுகிறார். பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றி நுரை ஏற்றுகிறார், நுரை நின்றபடியே இருக்க, தொலைக்காட்சியில் ஒரு பாட்டு முடியும்வரை வேடிக்கை பார்க்கிறார். சும்மா நிற்கிறார் என்று நாம் நினைக்கிறோம், முடி ஊறுகிறது. இடது கைப் பெருவிரலால் கிருதாவுக்குப் பக்கத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, கீழ்நோக்கிக் குட்டிக் குட்டியாக இழுக்கிறார். தாடைக்குக் கீழே வந்ததும் நிறுத்தி, நடுவிரலால் தடவிப் பார்க்கிறார். கழுத்தில் முடி நேராகத் தொங்குவதில்லை, பக்கவாட்டில் படுத்திருக்கும், சிலருக்குச் சுழி போட்டிருக்கும். கத்தி அங்கே திசை மாறுகிறது.

"எதிர்வாக்குல ஒரு இழுப்பு இழுக்கவாண்ணே?"

"வழவழன்னு வேணும் தம்பி, சாயங்காலம் ரிசப்ஷன்."

"இழுக்கலாம். நாளைக்குப் பொரிப்பொரியா வந்தா என்னைத் திட்டக் கூடாது."

திட்டத்தான் போகிறார். எதிர்வாக்கில் இழுத்தால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே அறுபடும். சுருட்டை முடிக்காரராக இருந்தால் அது வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். உடம்பு அதை யாரோ அன்னியர் என்று நினைத்துப் படையெடுக்கும். அதுதான் அந்தப் பொரி. கடைக்காரர் படிகாரக் கல்லை நனைத்து ஒரு சுற்று தேய்க்கிறார். சுருக்கென்கிறது. ப்ளினியின் ஒட்டடையைவிட ஆயிரம் மடங்கு தேவலை.

இந்தத் தோலடி வெட்டைத்தான் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டு விற்றன. 1971இல் ஜில்லெட் கம்பெனி இரட்டை பிளேடு கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைப் பிடித்து மேலே இழுக்கும், அது உள்ளே பின்வாங்குவதற்குள் இரண்டாவது அறுக்கும். 1975 அக்டோபரில் அமெரிக்காவின் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சி, தன் முதல் ஒளிபரப்பிலேயே மூன்று பிளேடு ரேசருக்குப் போலி விளம்பரம் போட்டுச் சிரிக்க வைத்தது. எதைச் சொன்னாலும் நம்புவீர்கள் என்பதுதான் கிண்டல். 1998இல் மூன்று பிளேடு ரேசர் நிஜமாகவே வந்தது. 2004இல் ஒரு நையாண்டிப் பத்திரிகை, போட்டியைத் தாங்க முடியாத முதலாளி ஐந்து பிளேடு அடிக்கச் சொல்வதாக எழுதியது. 2006இல் ஐந்து பிளேடு கடைக்கு வந்தது. நகைச்சுவை எழுத்தாளர்களுக்கு அந்தக் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து கத்தி ஒரே இழுப்பில் போனால் தோலுக்கு ஐந்து சுரண்டல். முள்முள்ளாகப் பொரி வருகிறவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இன்று சொல்வது, ஒட்ட மழிக்காதே, ஒற்றை பிளேடு போதும், முடிந்தால் தாடியே வைத்துக்கொள். கன்சல்டேஷன் ஃபீஸ் தனி.

ஜில்லெட்டிடம் முடியாது என்று சொன்ன அதே எம்.ஐ.டி. 2020இல் இன்னொரு கேள்வியை எடுத்தது. முடி எஃகைவிட 50 மடங்கு மென்மை, அப்புறம் பிளேடு ஏன் மழுங்குகிறது? ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் முகத்தையே மழித்து மழித்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேயவில்லை, அங்கங்கே சில்லுப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து பக்கவாட்டில் நெருக்கும்போது, எஃகில் எங்கே பலவீனமோ அங்கே உடைகிறது. சவரம் பண்ணிக்கொண்டதற்காக சயன்ஸ் இதழில் கட்டுரை வந்த மனிதர் அவர். நம் வீட்டில் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றால் கதவைத் தட்டுகிறார்கள்.

எகிப்தை இதுவரை தொடவில்லை, காரணமாகத்தான். அந்த ஊர்ப் பூசாரிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு முழுக்க மழித்துக்கொண்டார்கள் என்கிறார் ஹெரோடோடஸ். ராஜாக்களும் முகத்தை மழித்தார்கள், மழித்துவிட்டு விழாக்காலத்தில் பொய்த்தாடி கட்டிக்கொண்டார்கள். ஹட்ஷெப்சுட் பெண்ணரசி, அவருக்கும் சிலையில் பொய்த்தாடி உண்டு. எரிச்சலே இல்லாத தாடி இதுதான், வேண்டும்போது கட்டு, வேண்டாதபோது அவிழ்.

துட்டன்காமனின் தங்க முகமூடியிலும் அப்படி ஒரு நீளத் தாடி. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்தது. 2014 ஆகஸ்டில் கெய்ரோ அருங்காட்சியகத்தில் விளக்கு வேலை நடந்தபோது தாடி கழன்று விழுந்துவிட்டது. ஊழியர்கள் வெளியே தெரியாமல் எப்பாக்ஸி பசையைப் பூசி அவசரமாக ஒட்டினார்கள். பசை வழிந்து மோவாயில் காய்ந்தது. கூரான கருவியை எடுத்து, காய்ந்தது காய்ந்தபடியே சுரண்டினார்கள். 3,300 வருஷத்து ராஜாவின் மோவாயில் கோடு விழுந்தது. எட்டுப் பேர் மேல் ஒழுங்கு நடவடிக்கை.

2015இல் ஜெர்மனியிலிருந்து எக்மன் என்ற நிபுணர் வந்தார். அவர் குழு முகமூடியின் உட்புறத்தை மெதுவாகச் சூடேற்றி, பசை இளகும்வரை காத்திருந்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தது. பல வாரம் ஆயிற்று. தாடியைத் திரும்பத் தேன்மெழுகு வைத்து ஒட்டினார்கள். டிசம்பரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா மறுபடி காட்சிக்கு வந்தார், மோவாயில் ஒரு பொரி இல்லை.